வேதசிரோமணி தன் மகனுக்கு எழுதிய விண்ணப்பம்

ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரே அந்தக் காலத்தில் நான்கு பேர் பெட்டிஷன் எழுதினார்கள். அவர்களில் மூன்று பேர் அழுகையை எழுதுவார்கள். நான்காமவர் வேதசிரோமணி. அவருக்கு அழுகை எழுத வராது என்று நான் நம்பியிருந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் அடுத்தவரைக் கெடுத்த வாய். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகையால் என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

1933இல் எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுச் சும்மா இருந்தேன். பஞ்சு விலை விழுந்து, கடைகளில் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். வேலைக்கு விண்ணப்பம் எழுத முதலில் தவசிமுத்து என்பவரிடம்தான் போனேன். கூட்டம் அவரிடம்தான் அதிகம். எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான் எழுதுவார். தேவரீர் பாதத்தில் விழுகிறேன், தகப்பனை இழந்தேன், தாய் கண்ணீர் வடிக்கிறாள், தங்கள் திருக்கரம் நீளாவிட்டால் எங்களுக்கு ஆறும் குளமுமே கதி. தகப்பன் உயிரோடு இருந்தால் தவசிமுத்து கொன்றுவிடுவார். என் தகப்பனார் நிஜமாகவே இறந்தவர். அதனால் என் விஷயத்தில் அவருக்கு வேலை மிச்சம். அப்படிப் பதினொரு விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

பிறகுதான் வேதசிரோமணியிடம் போனேன். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி, தடித்த கண்ணாடி. ஆடித் தேர் இழுக்கிற நாளில்கூடப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒனக்கு என்னலே தெரியும்?" என்று கேட்டார்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், ஐயா."

"அது சர்ட்டிபிகேட்டுல இருக்கு. ஒனக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

ஒன்றும் தெரியாது என்றேன். அவர் விடவில்லை. லீவு நாட்களில் என்ன செய்வாய், யார் கடையில் உட்காருவாய் என்று துருவித் துருவிக் கேட்டார். மம்சாபுரத்தில் என் மாமாவின் பஞ்சுக்கடையில் இரண்டு அறுவடைக் காலம் தராசில் நின்றிருக்கிறேன். பஞ்சைக் கையில் பிடித்தால் ஈரம் சேர்த்திருக்கிறதா என்று சொல்வேன். பக்கத்து வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் தெலுங்கில் எண்ணத் தெரியும். இதெல்லாம் ஒரு தகுதி என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் அதை மட்டும் நான்கு வரியில் எழுதினார். நான் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு பேரின் பெயரைக் கீழே போட்டார். ஒருவர் வண்டிக்காரர்.

"அப்பா எறந்துட்டாவன்னு ஒரு வரி சேக்கலாமே ஐயா" என்றேன்.

"செத்தவரை எதுக்குலே சாட்சிக்கு இழுக்கே? வேல செய்யப் போறது நீ. பிச்ச கேட்டு எழுதுனா பிச்சதான் போடுவான், வேல குடுக்க மாட்டான்."

அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான். ஒரு தாளுக்கு மேல் கூடாது. இடது பக்கம் மூன்று விரல் இடம் விட வேண்டும். எந்த வேலைக்கு எழுதுகிறோம் என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். அவர் எழுதித் தருவது நகல்தான். அதைப் பார்த்து, வேலை கேட்கிறவன் தன் கையால் எழுத வேண்டும். நாளைக்கு அந்த மேசையில் எழுதப்போகிற கை எது என்று முதலாளி பார்க்க வேண்டாமா என்பார். எல்லாவற்றுக்கும் மேல், பொய் கூடாது. ஒரு பொய் அகப்பட்டால் மற்ற உண்மையெல்லாம் பொய்யாகிவிடும் என்பார்.

அந்த ஒரு தாளில் எனக்கு வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கம்பெனியில் எடை குமாஸ்தா. முதலாளி பெயர் காசிராஜன். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்.

காசிராஜனைப் பற்றிக் கம்பெனியில் எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அவர் ஒன்பது வயதில் தகப்பனை இழந்தவர். தகப்பன் இல்லாத பிள்ளை என்று கேள்விப்பட்டால் போதும், குரல் தழுதழுத்துவிடும். இரண்டாவது, பெட்டிஷன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. கம்பெனித் தராசு பொய்த் தராசு என்று யாரோ கலெக்டருக்கு மொட்டைப் பெட்டிஷன் போட்டு, அதிகாரிகள் வந்து தெருவே பார்க்கத் தராசைப் பிரித்துப் போட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் போன மானம் போனதுதான். அதிலிருந்து, வேலைக்கு வருகிறவனிடம் முதல் கேள்வியே, உங்கள் வீட்டில் பெட்டிஷன் எழுதுகிறவன் உண்டா என்பதுதான்.

இந்த இரண்டையும் ஒரு சனிக்கிழமை நான் வேதசிரோமணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சொல்வார்கள். ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்த வேதசிரோமணியின் மகன் ஞானதுரை இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருந்தான். என் வயதுதான். கணக்கில் புலி, கையெழுத்து முத்து. இரண்டு இடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். சொன்னான். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. பெட்டிஷன்காரன் மகனை உள்ளே விட்டால் நாளைக்கு உள்விவகாரமெல்லாம் கலெக்டர் கைக்குப் போய்விடும் என்ற பயம். காசிராஜன் ஒருவருக்கு மட்டுமல்ல, அன்றைக்கு எல்லா முதலாளிக்கும் இருந்தது.

அதற்குள் வேதசிரோமணிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது. மூக்கு தாளில் இடிக்க எழுதினார். வரி கோணியது. ஆட்கள் தவசிமுத்து பக்கம் நகர்ந்தார்கள். வீட்டில் மனைவி பரிபூரணம், ஞானதுரைக்குக் கீழே இரண்டு பெண்கள். ஞானதுரைக்கு வேலை கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலைமை.

1935இல் எங்கள் கம்பெனியில் ஒரு குமாஸ்தா இடம் காலியானது. ஓடிப்போய்ச் சொன்னவனும் நான்தான்.

அடுத்து நடந்ததை ஞானதுரை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் நகலை நீட்டினாராம். இவன் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய தாளில் மூன்று விரல் இடம் விட்டு எழுதத் தொடங்கினான். பாதியில் கை நின்றுவிட்டது.

"அப்பா, இது என்னது?"

"எழுதுலே."

"தகப்பனார் காலமாகிவிட்டார்னு போட்டிருக்கீங்க."

"தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்."

"நீங்க உசுரோட இருக்கீங்களே, அப்பா!"

"நான் உசுரோட இருந்து ஒனக்கு என்ன ஆச்சு? ரெண்டு எடத்துல என் தொழிலச் சொன்னதும் கதவச் சாத்துனான். பெட்டிஷன்காரன் மகன்னு போனா நிக்க விட மாட்டான். அப்பன் இல்லாத பிள்ளைன்னு போனா உக்காரச் சொல்லுவான். எழுது."

"நீங்கதானே பொய் கூடாதும்பீங்க?"

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். "ஊருக்கு எழுதும்போது கூடாது. எனக்கு இனி எத்தன நாளு கண்ணு தெரியும்னு நெனைக்கே? எழுதுலே ராசா" என்றாராம்.

ஞானதுரை எழுதினான். என் தகப்பனாரின் நிஜமான சாவைச் சேர்க்க மறுத்த மனிதர் தன் பொய்ச் சாவைச் சேர்த்தார்.

காசிராஜன் தாளைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கு அந்த வழக்கமான கேள்வியைக்கூட மறந்துவிட்டார். "நாயனா எப்ப போனாரு?" என்று கேட்டார். நாயனா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. "போன வருசம்" என்றான் ஞானதுரை. என் பக்கத்து மேசையில் அவனை உட்கார வைத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை கிடைத்தது, அடுப்பு எரிந்தது. பெரிய பெண்ணுக்குக் கல்யாணமும் ஆயிற்று. ஆனால் கம்பெனி ஆட்கள் பலர் தினமும் ராஜபாளையம் ரயிலில் போய் வருகிறவர்கள், அவர்கள் கண்ணில் அப்பாவும் மகனும் சேர்ந்து படக் கூடாது. ராஜபாளையத்தில் தங்கி வேலை பார்த்த ஞானதுரை சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கும்போது வேதசிரோமணி அங்கேதான் இருப்பார், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், யாரோ போல. இவன் முன்னால் நடப்பான். அவர் இருபது முப்பது அடி பின்னால் வருவார். தெரு திரும்பிய பிறகுதான் கூடச் சேர்ந்து நடப்பார்கள். இதைக் கண்ணால் பார்த்த நான், ரயில் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. இந்துக்களுக்குத் தீபாவளிக்கு, கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு என்று குமாஸ்தாக்கள் வீட்டுக்குச் சேலை கொடுப்பது கம்பெனி வழக்கம். காசிராஜன் தானே ஜவுளிக்கடைக்குப் போய்ப் பொறுக்குவார். ஞானதுரை கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். கரை இல்லாத வெள்ளைச் சேலை. தகப்பன் இல்லாத வீட்டு அம்மாவுக்கு வேறென்ன கொடுப்பார்?

அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் பரிபூரணம் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். வேதசிரோமணி சமாளிக்கப் பார்த்தார். "பாத்தியா, செத்தும் ஒனக்குச் சேல எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார். அவர் மட்டும்தான் சிரித்தார். பரிபூரணம் தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்க நாக்குல தீய வைக்க" என்று திட்டினாள். பிறகு அந்தச் சேலையை மடிப்புக் கலையாமல் தகரப்பெட்டியின் அடியில் போட்டாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, யாருக்காவது கொடுத்தால் எப்படி வந்தது என்ற கேள்வி வரும். பண்டிகை வருகிறது என்றாலே அந்த வீட்டில் ஒரு பயம் வந்துவிடும்.

1939 மே மாதம் ஞானதுரைக்குக் கல்யாணம். பெண் இன்பம், வத்திராயிருப்பு. தகப்பன் இல்லாத பிள்ளை, தகப்பன் இடத்தில் நானே வந்து நிற்கிறேன் என்று காசிராஜன் சொல்லிவிட்டார். ஞானதுரைக்கு உயிரே போய்விட்டது. கல்யாணத்தைப் பெண் ஊர் வேதக்கோயிலில் வைத்துக்கொண்டார்கள், அங்கே வேதசிரோமணி முகம் தெரிந்தவர்கள் குறைவு என்று. பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அந்த ஊர்ப் பாதிரியார் மட்டும், கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை, ஆனால் ரிஜிஸ்டரில் பொய் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பரிபூரணத்தை என்ன செய்வது? முதலாளி எதிரே வந்தால் வெள்ளைச் சேலையில்தான் வர வேண்டும். "ஒரு நாளைக்குத்தானே" என்று வேதசிரோமணியே கேட்டார்.

"நீங்க ஒரு வரிதானேன்னு எழுதுனீங்க. எனக்கு ஒரு நாளும் வேண்டாம். எம்புள்ள கல்யாணத்த நான் பாக்கலேன்னாலும் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்துகொண்டாள். பெற்ற ஒரே மகன். கோயிலில் அவளைக் காணாததைப் பார்த்துவிட்டு, பாவம், நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாதென்று ஒதுங்கியிருக்கிறார் போல, குணமான அம்மா என்று காசிராஜன் என்னிடமே மெச்சினார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

வேதசிரோமணி வந்திருந்தார். ஊர்க்காரர் என்ற பெயரில், கடைசிப் பெஞ்சில். மோதிரம் மாற்றியபோது அவருக்கு அழுகை அடங்கவில்லை. வெளியே வரும்போது காசிராஜன் கேட்டார்:

"ஞானதுரை, அந்தக் கடைசிப் பெஞ்சுல ஒருத்தரு அம்புட்டு அழுதாரே, யாரு அது?"

"எங்க ஊர்க்காரரு. தெரிஞ்சவரு" என்றான்.

வேதசிரோமணிக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும். அவர் கிட்டே வந்து, மகன் கையைப் பிடித்து, "நல்லா இருங்க தம்பி" என்றார். பெற்ற பிள்ளையை 'இருங்க' என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வண்டிப் பக்கம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கோர்ட்டு வாசலுக்குப் போகவில்லை. கண்ணும் போய்விட்டது, வாயும் குறைந்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். முகம் தெரியாமலே, நடையின் சத்தத்தை வைத்து மகன் பின்னால் நடப்பார்.

1942 மார்ச். பஞ்சு வரத்து உச்சத்தில் இருந்த வாரம். பெற்றவர்கள் சாவு தவிர வேறெதற்கும் லீவு கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார். காலை ரயிலில் அவர்கள் தெருக்காரர் சோலைச்சாமி வந்து இறங்கினார். ஞானதுரையை வாசலுக்குக் கூப்பிட்டு, "அப்பா போயிட்டாவ" என்றார்.

அவன் மேசைக்குத் திரும்பி வந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எடுத்தான், மைதான் காய்ந்தது. லீவுக்கு என்னவென்று எழுதுவது? கம்பெனிக் கணக்குப்படி அவன் தகப்பனார் செத்து எட்டு வருஷம்.

"மாமான்னு எழுது. கெஞ்சிக் கேட்டா அர நாளு குடுப்பாரு" என்றேன் நான். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவன் அப்படியே எழுதினான். என் மாமா காலமாகிவிட்டபடியால் என்று ஒரு வரி. எழுதிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் மூன்று விரல் இடம் தானாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. தாளைக் கிழித்தான். வேறொன்றில் எழுதி நேரே முதலாளி அறைக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

காசிராஜன் படித்தார். "உங்க நாயனா எப்பவோ போயிட்டாரே?"

"இல்லீங்க. இன்னைக்குக் காலையிலதான்."

அவர் பழைய காகிதக் கட்டை எடுத்துவரச் சொல்லி அந்த 1935ஆம் வருஷத் தாளைத் தேடி எடுத்தார். "இது ஒன் கையெழுத்துதானே?"

"கை என்னுது. சொல் அவியளுது. அவியளே என்னை எழுத வச்சாவ."

திட்டுவார், வெளியே போ என்பார் என்று நான் நின்றேன். அவருக்கு வேறு எதுவோ உறைத்துவிட்டது.

"அப்ப, ஏழு வருசமா, புருசன் உசுரோட இருக்கற பொம்பளைக்கு என் கையால வெள்ளச் சேல எடுத்துக் குடுத்தேனா? எம்புட்டுப் பெரிய பாவத்தை என் தலையில வச்சிட்டீங்கடா" என்றார். காரை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டி வந்துவிட்டது. காசிராஜன் பாயில் கிடத்தியிருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். "இவரா!" என்றார். கடைசிப் பெஞ்சு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

பரிபூரணம் ஊதாக் கட்டம்போட்ட சேலையில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் எழுந்தாள். தகரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏழு வெள்ளைச் சேலையையும் எடுத்து வெளியே வைத்தாள். ஒன்றிலும் மடிப்புக் கலையவில்லை. முதலில் வந்தது மஞ்சள் ஏறிக் கிடந்தது.

"இதெல்லாம் அவிய சாவுக்குன்னு வந்த சேல, மொதலாளி. நான் ஒரு நாளும் ஒடம்புல போடல. போட்டா அவிய நெசமாவே போயிருவாவளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப அவியளே கொண்டு போகட்டும்."

துணி கிடைக்காமல் ஊர் தவித்துக்கொண்டிருந்த சண்டைக் காலம். கூடியிருந்த பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பெட்டிக்குள் ஏழையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். காசிராஜன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பரிபூரணம் அந்த ஊதாச் சேலையோடுதான் கல்லறைத் தோட்டம் வரை நடந்தாள்.

அடக்கம் முடிந்ததும் பாதிரியார் ரிஜிஸ்டரை விரித்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். அடுத்து, "என்ன தொழில்?" என்றார்.

காசிராஜன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கு அதுவரை அது தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. குமாஸ்தா என்று சொல்லிவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஞானதுரை முதலாளியை நேருக்கு நேர் பார்த்தான்.

"பெட்டிஷன் எழுதுறவரு. எங்க அப்பா" என்றான். தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

காசிராஜன் தலையைக் குனிந்துகொண்டார். "திங்கக்கெழம வேலைக்கு வந்திரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். எதற்குப் பயந்து ஒரு மனிதர் தன்னைத்தானே சாகடித்துக்கொண்டாரோ, அது அவ்வளவு லேசில் முடிந்துபோனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வத்திராயிருப்புக் கோயில் வாசலில் மகன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இப்போது சொல்லிவிட்டான். கேட்க வேண்டியவர்மேல் மண் தள்ளி அரைமணி நேரம் ஆகியிருந்தது.